வீட்டு உடற்பயிற்சிக் கருவிகள்: வாங்கும் முன்பும் வாங்கிய பின்பும்

வீட்டில் வைத்துச் செய்யும் உடற்பயிற்சிக் கருவிகளால் உண்மையிலேயே பலன் உண்டா என்று கேட்பவருக்கு ஒற்றைச் சொல்லில் விடை சொல்ல முடியாது. ஒரு ஜோடி டம்பெல்லும், ஏறத்தாழ அதே விலைக்குக் கிடைக்கும் அதிர்வு பெல்ட்டும் கடையில் ஒரே அலமாரியில் பக்கத்துப் பக்கத்தில் இருக்கலாம். ஆனால் உடலுக்குள் அவை செய்யும் வேலையில் ஒன்றுக்கும் மற்றொன்றுக்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை. முதலாவது தசையை வளர்க்கும். இரண்டாவது சதையைக் குலுக்கும். இந்த வேறுபாட்டைக் கடையில் நிற்கும்போதே கண்டுகொள்வது எப்படி, வாங்கியதைப் பலன் தரும் வகையில் பயன்படுத்துவது எப்படி என்பதையே இங்கே எழுதுகிறேன்.

விளம்பரங்களில் ‘டோனிங்’ என்ற சொல் அடிக்கடி வருகிறது. உடல் இறுகிக் கட்டுக்கோப்பாகத் தெரிவதை அது குறிக்கிறது. ஆனால் உடலில் அந்தப் பெயரில் தனியான ஒரு நிகழ்வு கிடையாது. தசை சற்றுப் பருக்க வேண்டும், அதன்மேல் படிந்திருக்கும் கொழுப்பு குறைய வேண்டும். இரண்டும் சேர்ந்தால்தான் கையும் தொடையும் வயிறும் இறுகித் தெரியும். தசை பருப்பதற்குப் பளு வேண்டும், அந்தப் பளு காலப்போக்கில் கூடிக்கொண்டே போகவும் வேண்டும். கொழுப்பு குறைவதற்கோ, உண்ணும் ஆற்றலைவிடச் செலவாகும் ஆற்றல் பல வாரங்களுக்குத் தொடர்ந்து மிகுதியாக இருக்க வேண்டும். எந்த இடத்துக் கொழுப்பு முதலில் கரையும் என்பது பரம்பரையையும் ஹார்மோன்களையும் பொறுத்தது. கருவியை எந்த இடத்தில் கட்டுகிறோம் என்பதைப் பொறுத்தது அன்று. 2011இல் அமெரிக்காவில் 24 பேரைக் கொண்டு நடந்த ஓர் ஆய்வில், ஒரு குழுவினர் ஆறு வாரங்கள், வாரத்துக்கு ஐந்து நாட்கள், ஏழு வகை வயிற்றுப் பயிற்சிகளைச் செய்தார்கள். அவர்களுடைய வயிற்றுத் தசையின் தாங்குதிறன் கூடியது. வயிற்றுக் கொழுப்பு மட்டும் குறையவில்லை. ஆண்டுக்கணக்கில் ஒரே கையால் மட்டை வீசிய டென்னிஸ் வீரர்களை 1971இல் அளந்து பார்த்தபோதும், ஆடும் கையில் தசை பெரிதாக இருந்ததே தவிர, தோலுக்கு அடியிலுள்ள கொழுப்பு இரு கைகளிலும் ஒரே அளவில்தான் இருந்தது. தொப்பையை மட்டும் கரைப்பதாகச் சொல்லும் எந்தக் கருவியைப் பார்த்தாலும் இந்த இரண்டு ஆய்வுகளையும் நினைத்துக்கொள்ளுங்கள்.

கடையில் கேட்க வேண்டிய கேள்விகள்

முதல் கேள்வி, நாம் கருவியை அசைக்கிறோமா, கருவி நம்மை அசைக்கிறதா என்பது. மின்மோட்டார் நம் உடலைக் குலுக்கினால் வேலை செய்வது மோட்டார். நம் தசை ஓய்வில்தான் இருக்கிறது. (டிரெட்மில்லிலும் மோட்டார் இருக்கிறதே என்றால், அங்கே பட்டை மட்டும் ஓடுகிறது, உடலைத் தூக்கி நடப்பவர் நாம்.) இரண்டாவது, இன்று கடினமாக இருப்பது இரண்டு மாதத்தில் எளிதாகிவிட்டால் அதே கருவியில் பளுவைக் கூட்ட முடியுமா என்பது. மூன்றாவது, எத்தனை தசைகள் இதில் வேலை செய்யும் என்பது. காலையும் இடுப்பையும் முதுகையும் சேர்த்து உழைக்க வைக்கும் கருவி, ஒரு மூட்டை மட்டும் மடக்கி நீட்டும் கருவியைவிட எப்போதும் மேலானது.

இந்தக் கேள்விகளில் அதிர்வு பெல்ட் முதலாவதிலேயே தோற்றுவிடும். வியர்க்க வைக்கும் சானா பெல்ட்டில் எடை குறைவது உண்மைதான். குறைவது தண்ணீர், இரண்டு சொம்பு தண்ணீர் குடித்ததும் அது திரும்பி வந்துவிடும். நம் ஊர் வெயிலில் அதைக் கட்டிக்கொண்டு பயிற்சி செய்வது நீரிழப்பையும் மயக்கத்தையும் வரவழைக்கும் காரியம் என்பதால், அதை வாங்கவே வேண்டாம் என்பேன்.

மின்தூண்டல் பெல்ட்டைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டியிருக்கிறது, ஏனெனில் அதில் பாதி உண்மை இருக்கிறது. மின்சாரம் தசையைச் சுருங்க வைக்கும்; அறுவை சிகிச்சைக்குப் பின் மெலிந்த தசையைத் தேற்றப் பிசியோதெரபியில் அதைப் பயன்படுத்துகிறார்கள். 2001இல் அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் வயிற்றுத் தசையை வலுப்படுத்தும் பயனுக்காக இவ்வகை பெல்ட் ஒன்றை வீட்டு உபயோகத்துக்கு அனுமதித்தது. ஆனால் எடைக் குறைப்புக்கோ இடுப்புச் சுற்றளவைக் குறைப்பதற்கோ இத்தகைய கருவி எதையும் தான் அனுமதிக்கவில்லை என்பதையும் அந்த நிர்வாகம் தெளிவாகச் சொல்லியிருக்கிறது. 2002இல் அந்நாட்டுக் கூட்டாட்சி வர்த்தக ஆணையம், உழைக்காமலே வயிற்றில் கட்டுக்கட்டாகத் தசை வரும் என்று விளம்பரம் செய்த மூன்று பெல்ட்டுகளின் விற்பனையாளர்கள்மீது வழக்குத் தொடுத்தது. அதே ஆணையம் 2012இல் ‘ஆப் சர்க்கிள் புரோ’ என்ற கருவியின்மீது எடுத்த நடவடிக்கையும் கவனிக்கத்தக்கது. ஒரு நாளைக்கு மூன்று நிமிடம் அதில் சறுக்கினால் நூறு முறை படுத்தெழுந்ததற்குச் சமம், இரண்டு வாரத்தில் பத்து பவுண்டு குறையும் என்றெல்லாம் விளம்பரம் ஓடியது. முடிவில் வாங்கியவர்களுக்கு 2.5 கோடி டாலர் வரை திருப்பித் தர விற்றவர்கள் உடன்பட வேண்டியதாயிற்று.

வயிற்றுப் பயிற்சிக்குக் கருவியே தேவையா என்று பார்த்த ஆய்வும் இருக்கிறது. சான் டியாகோ மாநிலப் பல்கலைக்கழகத்தில் 2001இல் 13 வகைப் பயிற்சிகளின்போது வயிற்றுத் தசையில் எழும் மின் சமிக்ஞையை அளந்தார்கள். முதலிடம், வெறுந்தரையில் மல்லாந்து படுத்துச் சைக்கிள் மிதிப்பதுபோல் கால்களை மாற்றி மாற்றி இயக்கும் பயிற்சிக்குக் கிடைத்தது. உட்கார்ந்து ஆடும் கருவி ஒன்று கடைசிக்குப் போனது.

கால் பாதத்தில் மாட்டிக்கொண்டு கையால் இழுக்கும் ஸ்பிரிங் கருவி, அதாவது ‘டம்மி டிரிம்மர்’, இடைநிலையில் நிற்பது. இழுப்பது நாமே என்பதால் தசை வேலை செய்கிறது. ஆனால் ஸ்பிரிங்கின் விறைப்பைக் கூட்ட வழியில்லாததால் ஒரு மாதத்தில் உடல் அதற்குப் பழகிவிடும். எங்கள் வீட்டிலும் அப்படி ஒன்று இருந்தது. கைப்பிடிக் குழாயில் ஸ்பிரிங் மாட்டும் கொக்கி மெல்ல மெல்ல விரிந்துகொண்டிருந்ததை நான் கவனிக்கவில்லை. மூன்றாம் மாதம் ஒரு காலையில் முழுதாக இழுத்த நிலையில் அது கழன்று என் கீழுதட்டில் அறைந்து, இரண்டு தையல் போட வேண்டியதாயிற்று. கண்ணில் பட்டிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்பதை இன்றும் நினைத்துப் பார்க்க முடியவில்லை. உங்களிடம் அந்தக் கருவி இருந்தால், கொக்கியின் வளைவில் துருவோ விரிசலோ இருக்கிறதா என்று ஒவ்வொரு முறையும் விரலால் தடவிப் பார்த்த பிறகே இழுங்கள்.

பலன் தருபவை

ஒரே ஒரு கருவிக்குத்தான் பணம் இருக்கிறது என்றால், ரெசிஸ்டன்ஸ் பேண்ட் எனப்படும் ரப்பர் பட்டைகளை வாங்குங்கள். விலை குறைவு, ஒரு டப்பாவில் அடங்கிவிடும், கீழ்வீட்டுக்காரரின் தூக்கத்தைக் கெடுக்காது. பட்டைப் பயிற்சியையும் வழக்கமான பளுப் பயிற்சியையும் ஒப்பிட்ட பல ஆய்வுகளைத் தொகுத்து 2019இல் வெளியான மீளாய்வு, வலுவைக் கூட்டுவதில் இரண்டும் ஏறத்தாழச் சமம் என்றே சொல்கிறது. என் தாயார் 63 வயதில் முழங்கால் வலிக்காகப் பிசியோதெரபிஸ்ட் கொடுத்த மஞ்சள் பட்டையில் தொடங்கினார்; நாற்காலியில் உட்கார்ந்து கட்டில் காலில் பட்டையை முடிந்து கணுக்காலில் மாட்டி நீட்டுவார். ஏழு வாரத்தில் சிவப்புக்கு மாறினார், பிறகு பச்சைக்கு. கைப்பிடிச் சுவரைப் பிடிக்காமல் அவர் மாடிப்படி ஏறியதைப் பார்த்த நாளிலிருந்துதான் இந்தச் சாதாரண ரப்பர் துண்டின்மேல் எனக்கு மரியாதை வந்தது. நிறத்துக்கு ஏற்ற விறைப்பு நிறுவனத்துக்கு நிறுவனம் மாறும் என்பதால், ஒரே நிறுவனத்தின் தொகுப்பாக வாங்குவது நல்லது. ரப்பர் வெயிலில் வெடிக்கும். ஜன்னலோரம் தொங்கவிடாமல் உலர்ந்த இடத்தில் சுருட்டி வையுங்கள்.

டம்பெல் வாங்குபவர்கள் செய்யும் பெரிய தவறு, ஐந்து கிலோவில் ஒரு ஜோடி வாங்கிவிட்டு அதோடு நிறுத்திக்கொள்வது. தோளுக்குமேல் தூக்கும் பயிற்சியில் ஐந்திலிருந்து ஏழரைக்குப் போவது ஒரேயடியாகப் பாதிப் பளுவைக் கூட்டுவதாகும்; எந்தத் தோளும் அதை எளிதில் ஏற்காது. வட்டுகளைக் கழற்றி மாட்டும் வகையை வாங்கி, அரைக் கிலோ, ஒரு கிலோ வட்டுகளையும் கேட்டு வாங்குங்கள். பளு குறைவாக இருக்கிறதே என்று கவலைப்படவும் வேண்டாம். பயிற்சி பெற்ற இளைஞர்களைக் கொண்டு 2015இல் வெளியான ஆய்வு ஒன்றில், இனி முடியாது என்ற நிலை வரும்வரை குறைந்த பளுவை 25 முதல் 35 தடவை தூக்கியவர்களுக்கும், அதிகப் பளுவை 8 முதல் 12 தடவை தூக்கியவர்களுக்கும் எட்டு வாரத்தில் தசை வளர்ச்சி ஏறக்குறைய ஒரே அளவில் இருந்தது. வலு மட்டும் அதிகப் பளு தூக்கியவர்களுக்கே கூடுதலாகக் கிடைத்தது.

நம் தாத்தாக்கள் சுழற்றிய கர்லாக்கட்டையையும் இந்த வரிசையில் சேர்க்க வேண்டும். அது வெள்ளைக்காரர்களின் படை முகாம் வழியாக மேல்நாட்டுக்குப் போய், 1904, 1932 ஒலிம்பிக் போட்டிகளில் கட்டை சுழற்றல் ஒரு பிரிவாகவே நடந்திருக்கிறது. தோளுக்கும் மணிக்கட்டுக்கும் அதைப்போன்ற கருவி வேறில்லை. ஆயினும் தெரிந்தவரிடம் நேரில் கற்காமல் சுழற்றக் கூடாது.

எதையும் வாங்காமலே தொடங்கலாம் என்பதையும் சொல்லிவிடுகிறேன். சென்னை வீடுகளில் வாசலுக்கு வரும் 20 லிட்டர் தண்ணீர் கேன் முழுதாக இருக்கும்போது 20 கிலோவுக்குச் சற்றுக் கூடுதல். பாதி நிரப்பிய கேனை, முதுகை வளைக்காமல் இடுப்பைப் பின்னே தள்ளி முழங்காலை மடக்கித் தூக்கி வைத்துப் பழகினால், அது பயிற்சிக் கூடத்தில் கற்றுத் தரும் பளுதூக்கலேதான்.

வாரத் திட்டம்

உலக சுகாதார நிறுவனம் 2020இல் வெளியிட்ட வழிகாட்டுதல், வயது வந்தோர் வாரத்துக்கு 150 முதல் 300 நிமிடம் மிதமான உடலுழைப்பும், இரண்டு நாளாவது தசையை வலுப்படுத்தும் பயிற்சியும் செய்ய வேண்டும் என்கிறது. தமிழ்நாட்டையும் சேர்த்து இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆதரவில் நடந்து 2014இல் வெளியான ஆய்வில், பாதிக்கும் மேற்பட்டோர் போதிய உடலுழைப்பு இல்லாதவர்களாக இருந்தார்கள். எனவே பெரிய திட்டம் எதுவும் முதலில் வேண்டாம். வாரத்தில் இரண்டு அல்லது மூன்று நாள், நடுவே ஒரு நாளாவது இடைவெளி விட்டு, ஐந்து அசைவுகள் போதும்: பஸ்கி, தண்டால், பட்டையைக் கதவுப் பூட்டின் உயரத்தில் பொருத்தி நெஞ்சை நோக்கி இழுப்பது, மேற்சொன்னபடி இடுப்பை மடித்துப் பளு தூக்குவது, தோளுக்குமேல் தள்ளுவது. ஒவ்வொன்றிலும் இரண்டு மூன்று சுற்று, ஒரு சுற்றுக்கு 8 முதல் 12 தடவை. இன்னும் இரண்டு தடவைதான் முடியும் என்று தோன்றும்போது நிறுத்துங்கள். எல்லாச் சுற்றிலும் 12 தடவை எளிதாக வந்துவிட்டால் அடுத்த முறை பளுவைக் கூட்டி மறுபடி எட்டிலிருந்து தொடங்குங்கள். தேதி, பளு, எண்ணிக்கை மூன்றையும் ஒரு நோட்டில் எழுதி வையுங்கள். பளுவை எப்போது கூட்டுவது என்பதை அந்த நோட்டுதான் சொல்லும்.

நடைக்கும் ஓட்டத்துக்கும் டிரெட்மில்லோ சைக்கிளோ கட்டாயம் அன்று. தெருவில் நடக்க வசதியில்லாதவர்களுக்கும் இரவில் மட்டுமே நேரம் கிடைப்பவர்களுக்கும் அவை உண்மையான உதவி. டிரெட்மில் வாங்கும்போது ‘பீக்’ குதிரைத்திறனை, அதாவது மோட்டார் சற்று நேரம் மட்டுமே எட்டும் உச்சத் திறனை, பார்க்காதீர்கள். தொடர்ந்து இயங்கும் திறன் எவ்வளவு, எத்தனை கிலோ எடைவரை தாங்கும் என்று கேளுங்கள். கைப்பிடியில் சாய்ந்துகொண்டு நடந்தால் உடலெடையில் ஒரு பகுதியைக் கை தாங்கிவிடுவதால் உழைப்பு குறையும், திரையிலுள்ள கலோரி எண் மட்டும் குறையாது. 70 கிலோ எடையுள்ளவர் மணிக்கு 5 கிலோமீட்டர் வேகத்தில் அரை மணி நேரம் நடந்தால் செலவாவது ஏறத்தாழ 120 கலோரி. ஒரு கிலோ கொழுப்பில் இருப்பதோ சுமார் 7,700 கலோரி. தட்டைக் கவனிக்காமல் கருவியை மட்டும் நம்புபவர்கள் மூன்றே மாதத்தில் சலித்துப்போவது இந்தக் கணக்கைத் தெரிந்துகொள்ளாததால்தான். சோற்றின் அளவைச் சற்றுக் குறைத்து, பருப்பு, சுண்டல், முட்டை, மீன் ஆகியவற்றைக் கூட்டுவது தசைக்கும் நல்லது. சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் மட்டும் மருத்துவரைக் கேட்டுச் செய்ய வேண்டும்.

பலனை எடை இயந்திரத்தில் மட்டும் பார்க்காதீர்கள். இரண்டு வாரத்துக்கு ஒருமுறை, காலையில் வெறும் வயிற்றில், இஞ்ச் டேப்பைத் தொப்புள் மட்டத்தில் சுற்றி, மூச்சை இயல்பாக விட்ட நிலையில் அளந்து எழுதுங்கள். தெற்காசியரில் ஆண்களுக்கு 90 சென்டிமீட்டரும் பெண்களுக்கு 80 சென்டிமீட்டரும் தாண்டினால் நீரிழிவு, இதய நோய் அபாயம் கூடுவதாகக் கொள்கிறார்கள். முதல் சில வாரங்களில் வலு கூடுவது பெரும்பாலும் நரம்புகள் தசையை நன்றாக இயக்கக் கற்பதால். கண்ணுக்குத் தெரியும் மாற்றத்துக்கு இரண்டு மூன்று மாதம் ஆகும்.

இதய பேஸ்மேக்கர் வைத்திருப்பவர்களும் கர்ப்பிணிகளும் மின்தூண்டல் பெல்ட்டைத் தொடவே கூடாது. குடலிறக்கம், கட்டுப்படாத இரத்த அழுத்தம், அண்மையில் நடந்த அறுவை சிகிச்சை ஆகியவை உள்ளவர்கள் மருத்துவரிடம் கேட்ட பிறகே பளு தூக்க வேண்டும். தூக்கும்போது மூச்சை அடக்காமல் விட்டுக்கொண்டே தூக்க வேண்டும். குழந்தைகள் இருக்கும் வீட்டில் டிரெட்மில்லின் பின்புறம் சுவரோடு ஒட்டியிருக்கக் கூடாது. 2021இல் அமெரிக்காவில் ஒரு குழந்தை இயந்திரத்துக்கு அடியில் இழுக்கப்பட்டு இறந்த பிறகு, ஏறத்தாழ 1,25,000 டிரெட்மில்கள் திரும்பப் பெறப்பட்டன. பயிற்சி முடிந்ததும் பிளக்கைப் பிடுங்கி, பாதுகாப்புச் சாவியைக் கழற்றி, குழந்தையின் கைக்கு எட்டாத உயரத்தில் மாட்டி வையுங்கள்.