குயிக்கை மாற்றலாமா வேண்டாமா: ஹினாட்டா–காகேயாமா மோதலை வைத்து ஓர் அணி வழிகாட்டி

உயர்நிலைப்பள்ளி வாலிபாலைச் சொல்லும் ஹைக்யூ என்ற ஜப்பானிய அனிமேயின் இரண்டாம் சீசனில் கராசுனோ பள்ளி அணிக்குள் வெடிக்கும் சண்டை, வாலிபால் ஆடும் எந்த அணியிலும் ஒரு நாள் வரக்கூடியது. ஸ்பைக்கர் (பந்தை அடிப்பவர்) ஹினாட்டாவும் செட்டர் (அடிப்பதற்குப் பந்தை ஏற்றித் தருபவர்) காகேயாமாவும் ஆடும் அதிவேக குயிக், அதாவது எதிரணி தடுக்க எழும் முன்பே அடித்துவிடும் தாக்குதல், ஏற்கெனவே புள்ளிகளை அள்ளிக்கொண்டிருக்கிறது. அதில் ஹினாட்டா கண்ணை மூடி முழு வேகத்தில் குதித்துக் கையை வீசுவார். அந்தக் கை வரும் இடத்துக்குப் பந்தைக் கொண்டுபோய்ச் சேர்ப்பது காகேயாமாவின் வேலை. இப்போது ஹினாட்டா, கண்ணைத் திறந்து, வலையருகே குதித்துத் தடுக்கும் எதிரணிப் பிளாக்கரைப் பார்த்து, தானே முடிவெடுத்து அடிக்க வேண்டும் என்கிறார். காகேயாமா மறுக்கிறார். டோக்கியோ பயிற்சி முகாமிலிருந்து திரும்பிய இரவு, ஜிம்முக்குள் அது கைகலப்பாகிறது.

அதைத் தீர்த்த முறையில் ஓர் ஒழுங்கு இருக்கிறது. உங்கள் அணியில் ஒருவர் ஆபத்தான புது உத்தியைக் கேட்டு, இன்னொருவர் முடியாது என்றால், அந்த ஒழுங்கை அப்படியே பின்பற்றலாம். முதலில் உத்தியை இரண்டு பாதியாகப் பிரியுங்கள். ஒவ்வொரு பாதியையும் அதற்குரியவர் தனியாகப் பழகட்டும். கணக்கில் சேராத ஆட்டங்களில் மட்டும் இரண்டையும் சேருங்கள்.

இருவர் சொல்வதையும் எழுதி வையுங்கள்

காகேயாமாவைப் பிடிவாதக்காரர் என்று ஒதுக்குவது தவறு. வசந்தகாலத் தேசியப் போட்டிக்கான மியாகி தகுதிச்சுற்று நெருங்கிவிட்டது. கையில் இருக்கும் ஆயுதத்தைக் கலைத்துவிட்டுப் புதியது வராமல் போனால் இரண்டும் இல்லாமல் களத்தில் நிற்க வேண்டும். அந்தக் கணக்கு சரியானது.

ஹினாட்டாவின் கணக்கும் சரியானதே. போட்டிப் பள்ளியான அவோபா ஜோசாய்க்கு எதிரான இன்டர்ஹை (கோடைகாலத் தேசியப் போட்டி) தகுதிச்சுற்று ஆட்டத்தின் கடைசிப் பந்தில், பந்து ஹினாட்டாவுக்குத்தான் போகும் என்று அவர்களின் செட்டர் ஒய்காவா கண்டுபிடித்ததும் மூன்று பேர் பிளாக்குக்கு எழுந்தார்கள். கண்ணை மூடியவருக்கு அந்த மூன்று ஜோடிக் கைகளைச் சுற்றிப் போக வழியே இல்லை. 162.8 செ.மீ. உயரமுள்ளவர் வேகத்தை மட்டும் நம்பினால், எதிரி அந்த வேகத்துக்குப் பழகிய நாளோடு கதை முடியும்.

ஆகவே ஒரு தாளை எடுத்து இரண்டு வரி எழுதுங்கள். “மாற்றினால் எந்த ஆட்டத்தில் எதை இழப்போம்?” “மாற்றாவிட்டால் எந்த அணி, எந்தச் சூழ்நிலையில் நம்மை நிறுத்தும்?” இரண்டாவது கேள்விக்கு ஓர் எதிரணியின் பெயரையும் ஒரு ரொட்டேஷனையும் (வீரர்கள் இடம் சுழன்று நிற்கும் வரிசையையும்) குறிப்பிட்டுச் சொல்ல முடியவில்லை என்றால், கேட்பவருக்கு இருப்பது ஆசைதான், காரணம் இன்னும் பிடிபடவில்லை. முக்கியமான போட்டிக்கு நான்கு வாரத்துக்கும் குறைவாக இருந்தால் புது உத்தியைத் தள்ளிப்போடுங்கள். அதற்கு மேல் இருந்தால் தொடங்கலாம்.

சண்டை அடிதடிக்குப் போகும்வரை விடாதீர்கள். அனிமேயில் அணியின் மேலாளர்ப் பெண் யாச்சி ஓடிப்போய் சக வீரர் டனாகாவைக் கூட்டிவந்த பிறகுதான் அடங்கியது. பயிற்சி முடிந்த பிறகு செட்டரும் ஸ்பைக்கரும் மட்டும் தனியே நின்று விவாதிக்கும் நிலையைக் கேப்டன் அனுமதிக்கக் கூடாது. களைத்த உடம்போடு பேசினால் பேச்சு பந்தை விட்டு ஆளின் மேல் பாயும்.

ஸ்பைக்கரின் பாதி: டெம்போ

ஹினாட்டாவைப் பயிற்சியாளரின் தாத்தா, மூத்த உகாயிடம் அனுப்புகிறார்கள். அங்கே அவருக்கு வேறு ஆட்களின் டாஸை (அடிப்பதற்காக ஏற்றித் தரும் பந்தை) அடிக்கும் வேலை. இது நல்ல ஏற்பாடு. தன் செட்டர் எப்போதும் சரியாகக் கொடுத்துவிடுவார் என்று பழகிய ஸ்பைக்கருக்குப் பந்தைப் பார்க்கும் பழக்கமே போய்விடுகிறது. சுமாரான டாஸ் கொடுப்பவரிடம் இரண்டு வாரம் அடித்தால் அது திரும்ப வரும்.

டெம்போ என்பது ஸ்பைக்கர் ஓடத் தொடங்கும் நேரத்துக்கும் டாஸுக்கும் உள்ள உறவு. பந்து மேலே போவதைப் பார்த்துவிட்டு ஓடினால் மூன்றாம் டெம்போ. டாஸோடு சேர்ந்தே ஓடினால் இரண்டாம் டெம்போ. டாஸுக்கு முன்பே ஓடத் தொடங்கினால் முதல் டெம்போ. ஹினாட்டாவின் பழைய குயிக்கில் டாஸுக்கு முன்பே குதிப்பும் நடந்துவிடும். அதை மைனஸ் டெம்போ என்கிறார்கள்.

பழகும் வரிசை முக்கியம். மூன்றாம் டெம்போவில் தொடங்கி, வலைக்கு அந்தப்பக்கம் ஒருவரை நிறுத்துங்கள். ஸ்பைக்கர் தரையை விட்டு எழுந்த பிறகு அவர் ஒரு கையை மட்டும் இடப்பக்கமோ வலப்பக்கமோ உயர்த்த வேண்டும். கை இல்லாத பக்கம் அடிப்பதே பயிற்சி. பத்துப் பந்தில் ஏழு சரியாகப் போனால் இரண்டாம் டெம்போ, அங்கேயும் ஏழு வந்தால் முதல் டெம்போ. ஒரு நாளைக்கு 40 முதல் 50 குதிப்பு போதும். இதற்கு மேல் போனால் முழங்காலுக்குக் கீழுள்ள தசைநார் வலிக்க ஆரம்பிக்கலாம்; குதிப்பின் உயரமும் குறைந்து பழகிய நேரக்கணக்கு கெட்டுப்போகும்.

இங்கே வழக்கமாக நடக்கும் பிழை ஒன்று உண்டு. பந்தைப் பார்க்கச் சொன்னதும் ஸ்பைக்கர் ஓட்டத்தின் கடைசி இரண்டு அடியில் வேகத்தைக் குறைப்பார். குதிப்பின் உயரம் இறங்கிவிடும். பார்வை கூடியதற்காக ஓட்டம் குறையக் கூடாது. ஓட்டத்தைப் பக்கவாட்டிலிருந்து போனில் படம்பிடித்து, பழைய குயிக்கின் படத்தோடு ஒப்பிட்டுப் பார்த்தால் உடனே தெரியும்.

செட்டரின் பாதி: உச்சியில் தயங்கும் பந்து

காகேயாமாவின் பழைய டாஸ் நேர்கோடாகப் பாய்ந்து அடிக்கும் இடத்தைக் கடந்து போகும். கண் திறந்தவர் கொஞ்சம் தாமதித்தாலும் பந்து போய்விட்டிருக்கும். பயிற்சியாளர் உகாய் கேட்பது வேறு டாஸ்: பந்தின் பாதையில் உச்சிப்புள்ளியும் அடிக்கும் இடமும் ஒன்றாக இருக்க வேண்டும். அனிமேயில் பந்து காற்றில் நின்றுவிடுவது போலக் காட்டுவார்கள். ஜிம்மில் அவ்வளவு நிற்காது, ஆனால் வித்தியாசம் பெரியது.

கணக்குப் போட்டுப் பார்க்கலாம். நொடிக்கு 8 மீட்டர் வேகத்தில் நேராகப் போகும் பந்து, கைக்கு எட்டும் 30 செ.மீ. பகுதியை 0.04 நொடியில் கடக்கிறது. செட்டரிடமிருந்து 1 மீட்டர் தள்ளி, அவர் கையிலிருந்து 60 செ.மீ. எழுந்து உச்சியைத் தொடும் பந்து அதே 30 செ.மீ.யைக் கடக்க ஏறக்குறைய 0.1 நொடி எடுக்கும். இரண்டு மடங்குக்கும் மேல். பிளாக்கரின் கையைப் பார்த்துத் திசை மாற்ற ஸ்பைக்கருக்குக் கிடைப்பது இந்த நேரம்தான்.

இன்னொரு பயனும் இதில் உண்டு. 60 செ.மீ. எழும் பந்துக்கு உச்சி வர 0.35 நொடி ஆகும். 60 செ.மீ. குதிக்கும் ஆளுக்கும் உச்சி வர அதே 0.35 நொடிதான். அதனால் பந்து எழும் உயரத்தை ஸ்பைக்கரின் குதிப்பு உயரத்துக்குச் சமமாக வைத்தால், பந்து செட்டரின் விரலை விடும் அதே கணத்தில் ஸ்பைக்கரின் பாதம் தரையை விட வேண்டும் என்ற எளிய விதி கிடைக்கிறது. தொடக்கத்துக்கு இதுவே போதுமான அடையாளம். அந்த ஒத்திசைவு வந்த பிறகே இன்னும் வேகமாக்குங்கள்.

பழகுவதற்கு, ஸ்பைக்கரின் அடிக்கும் உயரத்தில் ஒரு கம்பிலோ வலையோரம் நிற்கும் ஆன்டெனாவிலோ வண்ண டேப் ஒட்டுங்கள். உதவியாளர் பந்தை எறிய, செட்டர் டாஸ் கொடுக்கட்டும். டேப்புக்கு ஒரு பந்து அளவு, அதாவது ஏறத்தாழ 20 செ.மீ. பக்கத்தில் உச்சி வந்தால் சரி. 30 பந்து கொண்ட மூன்று சுற்று. முதல் வாரம் பந்து எப்போதும் நல்ல இடத்துக்கு வரட்டும். இரண்டாம் வாரம் எறிபவர் வேண்டுமென்றே 1 மீட்டர் தள்ளிப் போடட்டும்; ஆட்டத்தில் முதல் தொடுகையிலிருந்து செட்டருக்கு வரும் பந்து, அதாவது பாஸ், பெரும்பாலும் அப்படித்தான் இருக்கும்.

பந்து டேப்பைத் தாண்டிப் போனால் மணிக்கட்டு முன்னோக்கித் தள்ளுகிறது என்று பொருள். டேப்புக்கு முன்பே விழுந்தால், செட்டர் உயரத்துக்குப் பயந்து விரலிலேயே பந்தை நிறுத்துகிறார். நடுவர் இரட்டைத் தொடுகையோ பிடித்ததாகவோ அறிவிக்க வாய்ப்பு அதிகம்.

தொழில்நுட்பத்தோடு செட்டரின் மனமும் மாற வேண்டும். நடுநிலைப்பள்ளியில், கிட்டகாவா டாய்ச்சி அணியில், காகேயாமா தன் வேகத்துக்கு வரச்சொல்லிக் கொடுத்த டாஸை அடிக்க யாருமே எழவில்லை. அந்த வரலாறு தெரிந்த ஒய்காவா இப்போது கேட்பது ஒன்றே: ஹினாட்டா விரும்பும் டாஸைக் கொடுக்க உன்னால் முடிந்த அளவு முயன்றாயா? தாக்குதலின் தலைமை அடிப்பவரிடம் இருக்கிறது என்பது அவர் சொல்லும் பொருள். உங்கள் செட்டரிடம் இதை எதிரணிக்காரர் சொல்லும் முன் பயிற்சியாளர் சொல்லிவிடுவது நல்லது. சொன்னதை நடைமுறையாக்க, ஒவ்வொரு பந்துக்குப் பிறகும் ஸ்பைக்கர் ஒரே சொல்லில் விடை தரட்டும்: உயரம், தாழ்வு, தூரம், கிட்ட. அதற்கு மேல் விளக்கம் கேட்டால் பயிற்சி மறுபடியும் வாக்குவாதமாகிவிடும்.

சேர்ப்பது

இரண்டு பாதியும் தனித்தனியே பத்துக்கு ஏழு என்ற நிலைக்கு வந்தபின் சேருங்கள். முதலில் உதவியாளர் எறியும் பந்து, பிளாக்கர் இல்லை. அடுத்து உண்மையான பாஸ், பிளாக்கர் இல்லை. அதன்பின் ஒரு பிளாக்கர். கடைசியில் ஆறுக்கு ஆறு. சேர்த்த முதல் நாளில் வெற்றி பத்துக்கு மூன்றாகக்கூட இறங்கலாம். அது இயல்பு, அதைப் பார்த்து இருவரில் ஒருவர் மறுபடி “நான் அப்போதே சொன்னேன்” என்று தொடங்கக் கூடாது என்பதை முன்கூட்டியே பேசி வையுங்கள்.

பயிற்சி ஆட்டங்களை இதற்காகவே ஒதுக்குங்கள். நெகோமா, ஃபுகுரோதானி போன்ற அணிகளோடு கோடை முகாமில் ஆடியபோது கராசுனோ தோற்றுக்கொண்டே இருந்தது. ஸ்பைக்கர் அசாஹியின் ஜம்ப் சர்வ் வெளியே போகும், லிபெரோ (தற்காப்புக்கு மட்டுமான வீரர்) நிஷினோயாவின் டாஸ் தவறும், நான்கு பேர் ஒரே நேரத்தில் ஓடும் தாக்குதல் சிக்கிக்கொள்ளும், புது குயிக் காற்றில் வீணாகும். ஒவ்வொரு தோல்விக்கும் தண்டனை ஓட்டம். ஆனாலும் யாரும் பழையதற்குத் திரும்பவில்லை. காகேயாமா மட்டும் ஒருமுறை தன்னை அறியாமல் சுலபமான டாஸைக் கொடுத்துவிடுகிறார். பந்து புள்ளியாகியிருக்கும், ஹினாட்டா கோபப்படுகிறார், நீ விட்டுக்கொடுத்துவிட்டாய் என்று. அந்தக் கோபம் முழுக்க நியாயம். பயிற்சி ஆட்டத்தில் பாதுகாப்பான பந்துக்கு நழுவுவது புது உத்தியைச் சத்தமில்லாமல் கொன்றுவிடும். ஓரமாக ஒருவர் உட்கார்ந்து, புது டாஸ் எத்தனை, பழைய டாஸ் எத்தனை என்று குறிக்கட்டும். வென்ற புள்ளியை அந்தத் தாளில் எழுதவே வேண்டாம்.

எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் பழகுவதில் கராசுனோவைப் பின்பற்றாதீர்கள். அவர்களுக்கு நாளெல்லாம் ஆட எதிரணிகள் இருந்தன. வாரத்துக்கு ஒரு பயிற்சி ஆட்டம் கிடைக்கும் அணி ஒரு செட்டில் ஒரு புதுமையை மட்டும் சோதித்தால்தான் எது எதனால் கெட்டது என்று பிரித்தறிய முடியும்.

மோதல் ஆபத்தையும் மறக்கக் கூடாது. முகாமில் அசாஹிக்குப் போன பந்தை நோக்கி ஹினாட்டா பாய்ந்து இருவரும் இடித்துக்கொண்டார்கள். புது உத்தி கற்பவருக்கு எல்லாப் பந்தும் தனக்கே என்று தோன்றும் ஒரு கட்டம் வரும். செட்டரின் கையை விட்ட பந்து யாருடையது என்பதை அடிக்கப்போகிறவர் கத்திச் சொல்ல வேண்டும். சத்தம் கேட்டால் மற்றவர் கையை இறக்கிவிட வேண்டும்.

லிபெரோ டாஸ் பழகும் அணிகள் கவனிக்க வேண்டிய விதி: முன்பகுதியில், 3 மீட்டர் கோட்டின் மேலேயோ அதற்கு முன்னாலேயோ நின்று லிபெரோ விரல்களால் மேலே கொடுத்த பந்தை, வலையின் மேல்விளிம்பைவிட உயரத்தில் வைத்து அடித்தால் அது தவறு. அதனால்தான் நிஷினோயா கோட்டுக்குப் பின்னாலிருந்து குதித்துக் காற்றிலேயே டாஸ் கொடுக்கிறார். கோட்டை மிதித்துவிட்டுக் குதித்தால் செல்லாது. கோட்டுக்கு அரை மீட்டர் பின்னாலேயே கால் எழும்படி அடி எண்ணிப் பழகுங்கள்.

களத்தில் பயன்படுத்தும்போது

பழைய குயிக்கைத் தூக்கியெறிய வேண்டாம். இரண்டும் இருந்தால் பிளாக்கருக்கு வேலை இரட்டிப்பாகும். ஆனால் எது வரப்போகிறது என்பது இருவருக்கும் தெரிய வேண்டும். முதல் சீசனில் சாதா குயிக்குக்கும் அதிவேக குயிக்குக்கும் ஹினாட்டா இரண்டு வேறு சொற்களைக் கத்துவார். ஒய்காவா ஆட்டத்தின் நடுவிலேயே அதைக் கண்டுபிடித்துவிட்டார். கத்துவதைவிட, சர்வுக்கு முன் செட்டர் வலைக்கு முதுகு காட்டி வயிற்றருகே விரலால் காட்டுவது பாதுகாப்பு. சொல்தான் வேண்டும் என்றால் ஒவ்வொரு செட்டுக்கும் மாற்றிக்கொள்ளுங்கள்.

முதல் பாஸ் வலையிலிருந்து 2 மீட்டருக்கு மேல் விலகினால் புது டாஸ் கிடையாது, உயரமான பந்து வெளிப்பக்கம் போகட்டும். புது குயிக் இரண்டு முறை தொடர்ந்து தவறினால் அந்த ரொட்டேஷன் முடியும்வரை நிறுத்துங்கள். அடுத்த முறை ஸ்பைக்கர் முன்வரிசைக்கு வந்ததும் முதல் நல்ல பாஸிலேயே மறுபடி கொடுங்கள். 20 புள்ளியைத் தாண்டிய பிறகு எதைக் கொடுப்பது என்பதைச் செட்டர் ஒருவரே தீர்மானிக்கட்டும். ஸ்பைக்கர் இரண்டுக்கும் ஒரே மாதிரி ஓடிவர வேண்டும்.