ஓட வழியில்லாதபோது
யாராவது தாக்க வரும்போது, ஓட முடிந்தால் ஓடிவிடுவதே நல்லது. மூலையில் மாட்டிக்கொண்டால்? பணமோ போனோதான் வேண்டும் என்றால் கொடுத்துவிடுங்கள், போகட்டும். உங்களையே குறிவைத்தால் அடிவயிற்றிலிருந்து கத்துங்கள். மணிக்கட்டைப் பிடித்திருந்தால் நேராகப் பின்னால் இழுக்காதீர்கள். பிடித்தவரின் கட்டைவிரல் நுனியும் மற்ற விரல்களும் சந்திக்கும் இடம்தான் பிடியில் பலவீனமானது. அந்தப் பக்கமாகக் கையைத் திருப்பி, முழங்கையை மடக்கி, வெடுக்கென்று உருவுங்கள். வீட்டில் யாரையாவது பிடிக்கச் சொல்லி நாலு தடவை செய்து பாருங்கள், சட்டென்று பிடிபடும். அப்புறம், முஷ்டியால் குத்த வேண்டாம்; பழக்கமில்லாதவர்களுக்குக் கை எலும்பு உடைந்துபோகலாம். உள்ளங்கையின் அடிப்பகுதியால் மூக்கில் ஓங்கி இடியுங்கள். ரொம்ப நெருங்கிவிட்டால் முழங்கையும் முழங்காலும். பிடி தளர்ந்ததும் கிளம்பிவிடுங்கள், இன்னொரு அடி கொடுக்க நிற்காதீர்கள்.