பேக்கப் பெட்டி அட்மினையே வெளியே தள்ளிவிட்டால்: பதற்றத்தில் செய்யக்கூடாதவை

தோட்டக் காரியாலயத்தில் செக்ரோல் (வேலைநாள், சம்பளப் பதிவேடு), கொழுந்து நிறை, சேமலாப நிதிக் கணக்கு எல்லாம் போய்ச் சேரும் அந்தச் சின்ன நெட்வொர்க் சேமிப்புப் பெட்டி (என்ஏஎஸ்), சம்பளத்துக்கு இரண்டு நாள் இருக்கும்போது அட்மின் பாஸ்வேர்டை ஏற்க மறுக்கிறது என்று வையுங்கள். உள்ளே இருக்கும் கணக்குக்கு இன்னும் ஒன்றும் ஆகவில்லை. யாருடைய அரைப் பேரும் (அரை நாள் வேலைப் பதிவும்) அழியவில்லை. கதவு மட்டும்தான் பூட்டிக்கொண்டிருக்கிறது. அழிவு வருவது பெரும்பாலும் இதற்குப் பிறகு, அவசரத்தில் கை வைப்பதால்.

எல்லோரும் முதலில் செய்யும் தவறு, ஞாபகத்தில் இருக்கும் பாஸ்வேர்டை எல்லாம் ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்ப்பது. சினாலஜி நிறுவனப் பெட்டிகளில் வழக்கமான அமைப்பு, 5 நிமிடத்துக்குள் 10 தடவை தவறினால் அந்தக் கணினியின் ஐபி முகவரியையே (வலையமைப்பில் அதன் அடையாள எண்ணையே) தடுத்துவிடும். அதன் பிறகு சரியான பாஸ்வேர்டைப் போட்டாலும் திறக்காது. தடைக்குக் கால எல்லை வைக்காமல் விட்டிருந்தால் அது தானாக நீங்கவும் நீங்காது. ஆகவே மூன்று தடவைக்கு மேல் தவறினால் கையை எடுத்துவிடுங்கள். பூட்டப்பட்டது கணக்கா, உங்கள் கணினியா என்று முதலில் பிரித்துப் பாருங்கள். அதே வலையமைப்பில் இருக்கும் வேறொரு கணினியிலிருந்தோ வைஃபையில் இருக்கும் போனிலிருந்தோ ஒரே ஒரு தடவை முயன்றால் போதும். வேறு கணினி இல்லையென்றால் 192.168.1.20 என்ற முகவரியில் இருக்கும் உங்கள் கணினிக்கு, யாரும் பயன்படுத்தாத 192.168.1.77 போன்ற ஒன்றைக் கொடுத்துப் பாருங்கள். உள்ளே போக முடிந்தால் செக்யூரிட்டிப் பகுதியில் இருக்கும் தடுப்புப் பட்டியலிலிருந்து பழைய முகவரியை நீக்கிவிடலாம். வேலை அதோடு முடிந்தது, ரீசெட் தேவையே இல்லை.

யாரும் தவறாகப் போடவில்லை, ஆனாலும் கணக்கு பூட்டுகிறது என்றால், பழைய பாஸ்வேர்டை வைத்துக்கொண்டு தட்டிக்கொண்டிருக்கும் ஒரு கணினி எங்கோ இருக்கிறது. அதிகம் தவறவிடப்படும் காரணம் இதுதான். ஒருவர் அட்மின் பாஸ்வேர்டை மாற்றுகிறார். காரியாலயக் கணினியில் புதியது பதிகிறது. தேயிலைத் தொழிற்சாலைக் கணினியில் இரவு 11 மணிக்கு ஓடும் பேக்கப் வேலையில் பழையதே கிடக்கிறது. அது தோற்கிறது, மறுபடி முயல்கிறது, மறுபடி தோற்கிறது. காலையில் வந்து பார்த்தால் பூட்டு. எவ்வளவு திறந்துவிட்டாலும் அடுத்த இரவு அதே கதைதான். ஆகவே திறப்பதற்கு முன்பே தானாக ஓடும் வேலைகள் உள்ள கணினிகளின் நெட்வொர்க் வயரைக் கழற்றி வையுங்கள். உள்ளே போனதும் பெட்டியின் லாக் பதிவில் எந்த முகவரியிலிருந்து தோல்வி வந்தது என்று பாருங்கள். அந்தக் கணினியில் பேக்கப் மென்பொருள், விண்டோஸ் சேமித்து வைத்திருக்கும் பாஸ்வேர்ட்கள், இணைத்து வைத்த நெட்வொர்க் டிரைவ் ஆகிய மூன்று இடத்திலும் புதியதைப் பதியுங்கள். முதலில் அட்மின் கணக்கைப் பேக்கப் வேலைக்குக் கொடுத்ததே பிழை. அதற்கென்று எழுதும் உரிமை மட்டும் உள்ள தனிக் கணக்கு இருந்தால் பூட்டுவது அந்தக் கணக்குதான்.

பாஸ்வேர்டை ஏற்று, போனில் வரும் ஆறு இலக்க எண்ணை மட்டும் மறுத்தால் கடிகாரத்தைச் சந்தேகியுங்கள். அந்த எண் 30 வினாடிக்கு ஒருமுறை நேரத்தை வைத்தே மாறுகிறது. சித்திரை மாத இடியில் ரூட்டர் போய்விட்டது, கரண்ட் நின்று வந்தது, பெட்டிக்குள் இருக்கும் சிஆர்2032 பட்டன் பட்டரியும் பழசு என்றால், பெட்டி தவறான நேரத்தில் எழுந்திருக்கும். சரியான நேரத்தைக் கேட்க இணையமும் இல்லை. இதற்கு ரீசெட் மருந்து அல்ல. இணையத்தைக் கொடுத்துச் சில நிமிடம் விட்டுவிட்டு முயலுங்கள், போனின் நேரமும் தானியங்கியில் இருக்கட்டும். போனே தொலைந்திருந்தால் இரண்டாவது அட்மின் கணக்கு உள்ளவர் அந்தச் சோதனையை நீக்கிக் கொடுக்கலாம்.

இவை எதுவும் பலிக்காதபோதுதான் பெட்டியின் பின்பக்கம் இருக்கும் அந்தச் சின்ன ரீசெட் துளை. ஆனால் அதற்கு முன் ரூட்டரிலிருந்து இணையத்துக்குப் போகும் வயரைக் கழற்றுங்கள். இதை யாரும் சொல்லிக் கொடுப்பதில்லை. சினாலஜியில் ரீசெட் ஆனதும் அட்மின் பாஸ்வேர்ட் வெறுமையாகிறது, தானியங்கித் தடையும் ஃபயர்வால் விதிகளும் நின்றுபோகின்றன. வெளியிலிருந்து பெட்டிக்கு வர ரூட்டரில் போர்ட் (வழி) திறந்திருந்தால் உலகத்துக்கே கதவு திறந்த நிலைதான். 2022 ஜனவரியில் டெட்போல்ட் என்ற பணம் பறிக்கும் நிரல், இணையத்துக்குத் திறந்திருந்த, கியூநாப் என்ற இன்னொரு நிறுவனத்தின் பெட்டிகளைத்தான் பூட்டிவிட்டு 0.03 பிட்காயின் கேட்டது.

சினாலஜி பெட்டி முழுதாக எழுந்து நிற்கும்போது, நிமிர்த்திய பேப்பர் கிளிப்பைத் துளைக்குள் விட்டு அழுத்துங்கள். சுமார் 4 வினாடியில் ஒரு பீப் சத்தம் கேட்கும். கேட்டதும் விட்டுவிடுங்கள். பலர் கெடுப்பது இங்கேதான்: ஒன்றும் நடக்கவில்லை என்று நினைத்து 10 வினாடிக்குள் மறுபடி அழுத்துகிறார்கள், மூன்று பீப் வருகிறது. அது வேறு ரீசெட். இயங்குதளத்தையே மறுபடி நிறுவச் சொல்லும். கோப்புகள் பொதுவாக இருக்கும், ஆனால் செய்து வைத்த அமைப்புகள் போய்விடும். கியூநாப்பில் முறை வேறு: 3 வினாடி, ஒரு பீப் என்றால் அட்மின் பாஸ்வேர்டும் நெட்வொர்க்கும் மட்டும். 10 வினாடி, இரண்டு பீப் என்றால் அமைப்புகள் எல்லாம். அதன் புதிய பாஸ்வேர்ட் பெட்டியின் மேக் முகவரி (நெட்வொர்க் பகுதிக்குத் தயாரிப்பாளர் கொடுத்த அடையாள எண்), இடையில் குறியில்லாமல் பெரிய எழுத்தில். இன்னும் புதிய மாதிரிகளில் லேபிளில் உள்ள கிளவுட் கீ.

ரீசெட்டுக்குப் பிறகு பெட்டியின் ஐபி முகவரி மாறியிருக்கலாம். பழைய முகவரியில் காணவில்லை என்றால் செத்துவிட்டது என்று பொருளில்லை. ரூட்டரின் பட்டியலில் தேடுங்கள்.

டிஸ்க்கைக் கழற்றி விண்டோஸ் கணினியில் மாட்டுவதைக் கட்டாயம் தவிருங்கள். அதற்கு அந்தக் கோப்பு அமைப்பு தெரியாது. 'இனிஷியலைஸ்' அல்லது 'ஃபார்மட்' செய்யவா என்று கேட்கலாம், ஆம் என்றால் டிஸ்க்கில் இருப்பதன் மேல் புதிதாக எழுதிவிடும். கழற்றியே ஆகவேண்டுமென்றால் எந்த டிஸ்க் எந்தக் குழியில் இருந்தது என்று மார்க்கரால் 1, 2 என எழுதிவிட்டுக் கழற்றுங்கள்.

குறியாக்கம் செய்த (சாவி இல்லாமல் படிக்க முடியாத) ஃபோல்டர் இருந்தால் அதன் கீ, அதாவது சாவி, அட்மின் பாஸ்வேர்ட் அல்ல. சினாலஜியில் மேற்சொன்ன முதல் ரீசெட்டே கீ மேனேஜரில் சேமித்த கீக்களை நீக்கிவிடும். கீயை வேறெங்கும் எழுதி வைக்காதிருந்தால் துளையைத் தொடவே வேண்டாம். அந்த ஃபோல்டரை யாராலும் திறக்க முடியாமல் போகும்.

உள்ளே போனதும் உங்கள் சொந்த அட்மின் கணக்கைச் சரிசெய்து, வேறொருவர் பெயரில் இரண்டாவது அட்மின் கணக்கும் உருவாக்கி, ரீசெட் எழுப்பிவிட்ட பொது 'அட்மின்' கணக்கை முடக்குங்கள். தடையையும் ஃபயர்வாலையும் மறுபடி போட்ட பிறகே இணைய வயரை மாட்டுங்கள். பாஸ்வேர்டும் கீயும் எழுதிய தாள் ஒட்டிய உறையில், காரியாலய இரும்புப் பெட்டியில் இருக்கட்டும். அன்றிரவு பேக்கப் ஓடட்டும். மறுநாள் காலையில் சென்ற மாதச் செக்ரோலை அதிலிருந்து வேறொரு ஃபோல்டருக்கு மீட்டெடுத்து, யாராவது ஒருவரின் முழுப் பேரும் அரைப் பேரும் அச்சிட்ட தாளோடு ஒத்துப்போகிறதா என்று பாருங்கள்.