மணவிலக்குக்குப் பின்னும் வீடு இருவர் பெயரில் இருக்கிறதா? பிரிப்பதற்கு முன் செய்ய வேண்டியவை

மணவிலக்குத் தீர்ப்பு திருமணத்தைத்தான் முடிக்கிறது. வீட்டைப் பற்றி அதில் ஒன்றும் சொல்லப்படவில்லை என்றால், பத்திரத்தில் உள்ள இரண்டு பெயர்களும் பதினைந்து ஆண்டு கழித்தும் அப்படியேதான் இருக்கும். பேச்சைத் தொடங்குமுன் தீர்ப்பின் நகல், பத்திரம், கடன் கணக்கு மூன்றையும் எடுத்து வையுங்கள்.

பத்திரத்தில் ஒன்றை மட்டும் உடனே பாருங்கள். அவரவர் பங்கு எழுதியிருக்கிறதா, அல்லது ஒருவர் இறந்தால் முழுவதும் மற்றவரைச் சேரும் வகையா? இரண்டாவது என்றால் அதை மாற்றுவதே முதல் வேலை. மணவிலக்கால் அது தானாக மாறியிருக்கும் என்று நம்பியிருக்காதீர்கள்.

அடுத்து காலக்கெடு. இது நாட்டுக்கு நாடு வேறுபடும். ஆஸ்திரேலியாவில் மணவிலக்கு உறுதியான 12 மாதத்துக்குள் சொத்துப் பங்கீடு கோர வேண்டும். தாமதமானால் நீதிமன்ற அனுமதி தேவை. இங்கிலாந்தில் விண்ணப்பிக்காமலேயே மறுமணம் செய்துகொண்டவர் அந்த வழியை இழக்கிறார். ஆனால் பத்திரத்தில் உள்ள பங்கு இதனால் மறைந்துவிடாது. கூட்டு உரிமையாளராகக் கேட்கலாம். "இத்தனை நாள் எங்கே போயிருந்தாய்?" என்ற கேள்விக்கு மனம் தளர வேண்டாம்.

இனிக் கணக்கு. மனக்கசப்பு பெருகுவது இங்கேதான், பொறுமையாகப் போடுங்கள். வீட்டின் இன்றைய மதிப்பு 100, மீதிக் கடன் 20 என்று வைத்துக்கொள்வோம். மிஞ்சுவது 80; சரிபாதி என்றால் ஆளுக்கு 40. பிரிந்த பிறகு ஒருவர் மட்டும் 30 கடன் கட்டியிருக்கிறார். அதில் பாதி, அதாவது 15, மற்றவர் கட்ட வேண்டியது. எனவே 55, 25. கட்டியவரே அந்த வீட்டில் குடியிருந்தாரா? அந்தக் காலத்து வாடகை மதிப்பு 16 என்றால், அதில் பாதியான 8ஐ வெளியே இருந்தவர் கேட்கலாம். முடிவில் 47, 33. நீதிமன்றம் இதே எண்களைத்தான் தரும் என்பதில்லை. ஆனால் இப்படி எழுதிய ஒரு தாள் மேசையில் இருந்தால் பேச்சு பழைய காயங்களை விட்டு எண்களுக்கு வரும்.

பிறகு ஒருவர் மற்றவர் பங்கை வாங்கலாம், அல்லது விற்றுப் பிரிக்கலாம். ஒத்துவராவிட்டால் நீதிமன்றம். வரி எவ்வளவு வரும் என்பதைக் கையெழுத்துக்கு முன்பே கேட்டுவிடுங்கள்.

பங்கை விட்டுக்கொடுப்பவருக்கு ஒன்று: உங்களுக்குள் செய்துகொண்ட ஒப்பந்தம் வங்கியைக் கட்டுப்படுத்தாது. கடனிலிருந்து உங்களை விடுவித்ததாக வங்கி எழுத்தில் தரும்வரை பத்திரத்தில் கையெழுத்திடாதீர்கள்.