சிறுகிழங்கு உரிக்க ஒரு சணல் சாக்கு போதும்

மார்கழி பாதி போனதும் எங்கள் தெருமுனைக் கடை வாசலில் மண் ஒட்டிய குட்டிக் கிழங்குகள் ஒரு கூடையில் வந்து உட்கார்ந்துவிடும். கடை அண்ணாச்சிக்குப் பாவூர்சத்திரம் பக்கம். பொங்கல் வரைக்கும் ஊர்ச் சந்தையிலிருந்து சரக்கு போடச் சொல்லி வரவழைப்பார். சென்னைக்காரர்கள் ஒன்றைக் கையில் எடுத்து உருட்டிப் பார்த்துவிட்டு, "உருளைக்கிழங்கு ஏன் இவ்வளவு பொடிசா இருக்கு?" என்று கேட்டு நகர்ந்துவிடுவார்கள். தெற்கத்திக்காரர்கள் விலைகூடக் கேட்காமல் ரெண்டு கிலோ போடச் சொல்வார்கள்.

உருளைக்கும் இதற்கும் உறவே இல்லை. சிறுகிழங்கு துளசி, புதினா, கற்பூரவல்லி குடும்பம். வேகும்போது எழும்புகிற மண்ணும் மூலிகையும் கலந்த வாசனை அங்கிருந்து வந்ததுதான் என்று எனக்குத் தோன்றும். திருநெல்வேலி, தென்காசிப் பக்கம் தைப்பொங்கல் அன்று இது இல்லாத வீடு அபூர்வம். மலையாளத்தில் கூர்க்க என்பார்கள். திருச்சூர்க்காரர்களிடம் இந்தப் பேச்சை எடுத்தால் அரைமணி நேரம் ஓடும்.

சமைப்பது சுலபம். தோல் உரிப்பதுதான் பாடு. அதனால் இந்தக் குறிப்பில் பாதிக்கு மேல் உரிப்பது பற்றித்தான் இருக்கும். வேறு வழியில்லை.

நான் பட்ட பாடு

கல்யாணமாகி வந்த முதல் பொங்கலுக்கு அம்மா பொங்கல்படி கொண்டு வந்தாள். கரும்பு, மஞ்சள் குலை, பனங்கிழங்கு, சேனை எல்லாவற்றோடும் 3 கிலோ சிறுகிழங்கு. நெல்லை எக்ஸ்பிரஸில் வந்து இறக்கி வைத்துவிட்டு மறுநாள் ராத்திரி அதே ரயிலில் ஊருக்குத் திரும்பிவிட்டாள். ஊரில் இருக்கும்வரை கிழங்கை உரித்த நிலையில்தான் நான் பார்த்திருக்கிறேன். உரித்தது எப்போதும் ஆச்சிதான்.

பீலரை எடுத்து உட்கார்ந்தேன். கிழங்கு ஒவ்வொன்றும் பெருவிரல் அளவு. பீலர் ஒரு இழுப்பு இழுத்தால் தோலோடு கால்வாசிக் கிழங்கும் போய்விடும். அரை கிலோவுக்கு ஒன்றரை மணி நேரம் ஆனது. மிஞ்சியது ரெண்டு கைப்பிடி. விரல் நுனியெல்லாம் கறுத்து, நாலு நாள் போகவில்லை. "மருதாணி சரியாப் பிடிக்கலையா?" என்று ஆபீசில் கேட்டார்கள்.

ஆச்சிக்குப் போன் போட்டேன். "ஏட்டி, அதைப் போய் சீவிக்கிட்டு இருக்கியா? சாக்குல போட்டு உரசு" என்றாள். அவ்வளவுதான், போனை வைத்துவிட்டாள்.

சாக்கு என்றதும் அரிசி வந்த சாக்கை எடுத்தேன். பிளாஸ்டிக் நாரில் நெய்த வெள்ளைச் சாக்கு. கால்மணி நேரம் உரசியும் மண் போனதே தவிர தோல் அசையவில்லை. அது வழவழப்பானது, பிடிப்பே கிடையாது. ஆச்சி சொன்னது சணல் சாக்கு. அவள் காலத்தில் சாக்கு என்றாலே சணல்தான், அதனால் அவள் விளக்கவில்லை. இந்த ஒரு சொல் தெரியாமல் ஒரு பொங்கல் முழுக்கப் போராடியிருக்கிறேன்.

1. வாங்கும்போது

மண்ணோடு இருப்பதையே வாங்குங்கள். கழுவிப் பளிச்சென்று அடுக்கி வைத்திருப்பதைப் பார்த்து ஏமாற வேண்டாம். கழுவிய கிழங்கு காற்றில் காய்ந்து தோல் இறுகிவிடும், பிறகு சாக்கும் உதவாது. நகத்தால் லேசாகக் கீறினால் தோல் வழுக்கிக்கொண்டு வர வேண்டும். அப்படி வந்தால் தோண்டிச் சில நாள்தான் ஆகியிருக்கும்.

மேலே முண்டும் முடிச்சுமாக இருப்பதை ஒதுக்குங்கள். வேரில் நூற்புழு தாக்கினால் கிழங்கு அப்படி ஆகும். அந்தப் பள்ளம் மேடுகளில் தோல் உரியவே உரியாது. பெருநெல்லிக்காய் அளவில் உருண்டையாக இருப்பது உத்தமம். ரொம்பப் பொடியைக் கடைக்காரர் சும்மா கொடுத்தாலும் வாங்காதீர்கள், உரித்த பிறகு ஒன்றும் மிஞ்சாது.

மார்கழி, தை இரண்டு மாதமும் சுகம். மாசி பிறந்துவிட்டால் நான் வாங்குவதில்லை. தோல் தடித்து, சிலது உள்ளே நாராகவும் ஆகிவிடுகிறது.

வாங்கியதை உடனே சமைக்கவில்லை என்றால் மண்ணோடு அப்படியே ஒரு கூடையில் கொட்டி இருட்டான மூலையில் வையுங்கள். ஒரு வாரம் தாங்கும். பிளாஸ்டிக் பையில் கட்டி வைத்தால் வேர்த்துப்போய் அழுகிவிடும்.

2. ஊறப்போடுவது

ஒரு வாளித் தண்ணீரில் கொட்டி அரைமணி நேரம் ஊறவிடுங்கள். கிழங்கு கொஞ்சம் பழசாகத் தெரிந்தால் ஒரு மணி நேரம். கையை விட்டு நாலு தடவை அலசி, மண் தண்ணீரை மாற்றுங்கள்.

அலசுவதைச் சமையலறைத் தொட்டியில் செய்யாதீர்கள். மூன்றாவது வருடம் நான் செய்தேன். மண்ணும் வேரும் போய்க் குழாயை அடைத்து, பொங்கலுக்கு முந்தின நாள் பிளம்பரைத் தேடி அலைந்தோம். வாளியில் அலசி, தண்ணீரைச் செடிக்கு ஊற்றிவிடுங்கள்.

3. உரசுவது

சணல் சாக்கு எங்கே கிடைக்கும்? மளிகைக் கடையில் கேளுங்கள். பருப்பு, பயறு வந்த காலிச் சாக்கு இருந்தால் கொடுப்பார்கள். மிளகாய் வற்றல் வந்த சாக்கு மட்டும் வேண்டவே வேண்டாம். ஒரு தடவை தெரியாமல் அதை எடுத்து உரசிவிட்டு அன்று முழுக்கக் கை எரிந்தது. உரம் வந்த சாக்கையும் தொடாதீர்கள். கிடைத்த சாக்கை முதலில் சோப்புப் போடாமல் நன்றாக அலசி வெயிலில் காயவைத்துக்கொள்ளுங்கள். ஒரு சாக்கு நாலைந்து வருடம் வரும்.

இனி செய்முறை.

கைகளில் நல்லெண்ணெய் தடவிக்கொள்ளுங்கள், கறை ஒட்டாது. சாக்கை நனையுங்கள். உலர்ந்த சாக்கில் போட்டால் தோலோடு சதையும் பிய்ந்துவிடும். அரை கிலோ கிழங்கைச் சாக்கின் ஒரு மூலைக்குத் தள்ளி, அதற்கு மேலே சாக்கை முறுக்கிப் பிடியுங்கள். அரை கிலோவுக்கு மேல் ஒரே நேரத்தில் போடாதீர்கள். மூட்டை பெரிதானால் நடுவில் இருக்கும் கிழங்குகள் உரசுபடாமல் தப்பித்துவிடும்.

சொரசொரப்பான தரையில் மூட்டையை வைத்து, துணிக்குச் சோப்புப் போட்டுத் தேய்ப்பது போல முன்னும் பின்னும் உருட்டித் தேயுங்கள். துவைக்கிற கல் இருந்தால் பாக்கியம். அடுக்குமாடியில் இருப்பவர்கள் மொட்டைமாடித் தளத்தில் செய்யலாம். டைல்ஸ் தரை வழுக்கும், வேலைக்கு ஆகாது. நடுநடுவே கொஞ்சம் தண்ணீர் தெளியுங்கள். சாக்கின் வெளியே பழுப்பு நிறத்தில் சேறு மாதிரி வழியத் தொடங்கினால் தோல் கழன்றுகொண்டிருக்கிறது என்று பொருள்.

5 நிமிடம் கழித்துத் திறந்து கிழங்குகளை வாளியில் கொட்டி அலசுங்கள். சாக்கையும் உதறி அலசுங்கள். தோல் சிப்புகள் சணல் இடுக்கில் அடைத்துக்கொண்டால் பிடிப்பு போய்விடும். மறுபடியும் சாக்கில் போட்டு 3 நிமிடம். இப்போது கிழங்கு வெளுத்து, அங்கங்கே திட்டுத்திட்டாக மட்டும் தோல் இருக்கும்.

முக்கியமானது: சாக்கைத் தூக்கிக் கல்லில் அடிக்காதீர்கள். சீக்கிரம் முடியும் என்று என் வீட்டுக்காரர் அப்படித்தான் செய்தார். பாதிக் கிழங்கு கன்றிப்போய் வேகும்போது கறுத்துவிட்டது.

மிச்சத் திட்டுகளைச் சின்னக் கத்தியின் கூரான முனையால் சுரண்டிவிடலாம். நான் பத்து ரூபாய்க்கு விற்கும் பிளாஸ்டிக் பிடிக் கத்தியைத்தான் வைத்திருக்கிறேன். விலை கூடிய கத்தி எதுவும் இதற்குச் சரிப்படவில்லை. பள்ளத்தில் மயிரிழை போல நிற்கும் தோலைப் பற்றிக் கவலைப்படாதீர்கள், அது தின்றால் தெரியாது. சுரண்டியதை உடனே தண்ணீரில் போடுங்கள். வாழைக்காய் மாதிரி இதுவும் காற்றுப்பட்டால் கறுக்கும்.

ஒரு கிலோவுக்கு எனக்கு இப்போது மொத்தம் 25 நிமிடம் ஆகிறது, ஊறுகிற நேரம் சேர்க்காமல்.

4. பொரியல்

உரித்த கிழங்கு அரை கிலோ, சின்ன வெங்காயம் பத்துப் பன்னிரண்டு, தேங்காய் கால் மூடி, சீரகம் ஒரு தேக்கரண்டி, மிளகாய் வற்றல் 3, பூண்டு 3 பல், மஞ்சள்தூள், உப்பு, கடுகு, உளுத்தம்பருப்பு, கறிவேப்பிலை.

பெரிய கிழங்கை ரெண்டாகவும் நாலாகவும் நறுக்குங்கள், சின்னதை முழுசாகவே விடுங்கள். அகலமான பாத்திரத்தில் போட்டு, கிழங்கு மூழ்கும் அளவுக்கு மட்டும் தண்ணீர் ஊற்றி, மஞ்சள்தூளும் உப்பும் சேர்த்து மிதமான தீயில் வேகவிடுங்கள். 12 முதல் 15 நிமிடம் ஆகும். கத்தி முனை தடையில்லாமல் இறங்க வேண்டும், ஆனால் துண்டு உடையக்கூடாது. கடைசியில் மூடியைத் திறந்து தண்ணீரை வற்ற விட்டுவிடுங்கள். வடித்துக் கொட்டினால் வாசனையும் சாக்கடைக்குத்தான் போகும்.

குக்கரில் வைக்கலாமா என்றால், நான் மாட்டேன். ஒரு விசில் என்று கணக்குப் போட்டு வைத்து, ரெண்டு தடவை கூழாகிவிட்டது.

தேங்காய், சீரகம், வற்றல், பூண்டு நாலையும் தண்ணீர் விடாமல் ஒன்றிரண்டாக அரைத்துக்கொள்ளுங்கள். அம்மி இருந்தால் ரெண்டு இழுப்பு, மிக்சி என்றால் விட்டுவிட்டு மூன்று சுற்று. இரும்புச் சட்டியில் எண்ணெய் காய்ந்ததும் தாளித்து, நறுக்கிய வெங்காயம் பொன்னிறமானதும் கிழங்கைப் போட்டு, கிளறாமல் 4 நிமிடம் விடுங்கள். அடியில் லேசாக முறுகட்டும். ஒருமுறை புரட்டி, மறுபடியும் விடுங்கள். அப்புறம் அரைத்ததைத் தூவி, பச்சை வாசனை போக ரெண்டு நிமிடம் பிரட்டி இறக்குங்கள்.

எண்ணெய் விஷயத்தில் எங்கள் வீட்டில் சண்டை உண்டு. ஆச்சி நல்லெண்ணெய்தான் ஊற்றுவாள். மேல்மாடியில் இருக்கும் திருச்சூர்க்காரச் சேச்சி தேங்காயெண்ணெய் இல்லாமல் கூர்க்க மெழுக்குப்புரட்டியா என்று சிரிக்கிறார். அவர் தேங்காய்த் துருவல் சேர்ப்பதில்லை. வெங்காயத்தையும் வற்றலையும் இடித்துப் போட்டு, நிறைய எண்ணெயில் மெதுவாகப் புரட்டி எடுக்கிறார். சாப்பிட்டுப் பார்த்த பிறகு நான் தேங்காயெண்ணெய்க்கு மாறிவிட்டேன். ஆச்சியிடம் இன்னும் சொல்லவில்லை.

தொட்டுக்கொள்ளப் புளிக்குழம்பு போல வேறொன்று கிடையாது. ரசம் சாதத்துக்கும் நன்றாக இருக்கும். சாம்பாரோடு வைத்தால் கிழங்கின் வாசனை அமுங்கிவிடும்.

போன வருடம் கேட்டவர்களுக்காகச் சேர்த்தது

சணல் சாக்கு கிடைக்கவே இல்லை என்று நாலைந்து பேர் எழுதியிருந்தார்கள். வெங்காயம் வரும் சிவப்பு வலைப் பையை ஒன்றுக்குள் ஒன்றாக ரெண்டு போட்டு உரசிப் பார்த்தேன். வேலை செய்கிறது, ஆனால் நேரம் இரட்டிப்பாகிறது. பை பழசாக இருந்தால் நார் பிய்ந்து கிழங்கோடு ஒட்டிக்கொள்கிறது, கவனமாக அலசுங்கள். கால் கிலோதான் வாங்கினீர்கள் என்றால் இது எதுவும் வேண்டாம். தேங்காய் நாரைப் பந்து போலச் சுருட்டி, ஒவ்வொரு கிழங்காகத் தேய்த்தாலே போய்விடும். காய்ந்த பீர்க்கங்காய்க் கூட்டையும் ஒருவர் சொன்னார். அது இன்னும் மேல்.

"தோலோடு வேகவைத்து உரித்தால் என்ன?" என்றும் கேட்டிருந்தார்கள். உரியும். ஆனால் மண் வாடை கிழங்குக்குள் இறங்கிவிடுகிறது, சூட்டோடு உரிப்பதற்குள் விரல் வெந்துவிடுகிறது. அவசரத்துக்குப் பாவமில்லை.

மிச்சப்பட்ட கிழங்கு முளைவிட்டுவிட்டது என்று படம் அனுப்பியிருந்த தோழிக்கு: தூக்கிப் போடாதீர்கள். தொட்டி மண்ணில் லேசாகப் புதைத்து வையுங்கள். கொடி படர்ந்ததும் நுனிகளை ஒரு சாண் நீளத்துக்கு வெட்டி, ஆடி ஆவணியில் தளர்ந்த மண் நிரப்பிய பையில் நட்டால் பிடித்துக்கொள்ளும். மார்கழி, தை வாக்கில் இலை மஞ்சளாகிக் காயும்போது தோண்டலாம். என் மொட்டைமாடியில் 3 பையில் போட்டு முக்கால் கிலோ எடுத்தேன். தோண்டின அன்றைக்கே உரசியதால் தோல் ரெண்டே நிமிடத்தில் போய்விட்டது.