தையல் மேசைக்கு எதிரே ஒரு பலகை: வேலை எங்கே தேங்குகிறது என்று பார்க்க

கையிலுள்ள வேலைகளை ஒவ்வொன்றாகச் சீட்டில் எழுதி, எது எங்கே நிற்கிறது என்று ஒரு பலகையில் பார்ப்பதுதான் யோசனை. பலகை என்றதும் ஒயிட்போர்டு வாங்கக் கிளம்ப வேண்டாம். ஒரு முழு சார்ட் பேப்பர் போதும். ஏ4 தாளை எட்டாக வெட்டினால் ஏறக்குறைய உள்ளங்கை அளவுக்குச் சீட்டு கிடைக்கும். ஒட்டும் சீட்டுதான் வேண்டுமென்றால், அதைக் கட்டிலிருந்து கீழிருந்து மேலாக உரிக்காமல் பக்கவாட்டில் உரியுங்கள். மேலே இழுத்தால் சுருண்டுகொள்ளும், ஃபேன் காற்றில் உதிர்ந்துவிடும். சுண்ணாம்பு அடித்த சுவரில் எப்படி உரித்தாலும் நிற்காது. அங்கே சார்ட்டை அட்டையில் ஒட்டி, குண்டூசி குத்துவதே நல்லது.

கிருஷ்ணகிரியில் வீட்டிலிருந்தே ஜாக்கெட் தைப்பவரின் வேலையை எடுத்துக்கொள்வோம். மொபைல் ரிப்பேர், சொட்டுநீர் பைப் ஃபிட்டிங், கணக்கு எழுதுவது என்று தனி ஆளாகச் செய்யும் எந்த வேலைக்கும் இது பொருந்தும். பலகையில் நான்கு கட்டங்கள்: வந்தது, கையில், காத்திருக்கு, முடிந்தது. வெட்டினது, ஓவர்லாக், எம்மிங், கொக்கி என்று ஒவ்வொன்றுக்கும் தனிக் கட்டம் போட ஆசை வரும். போட்டால் சீட்டை நகர்த்துவதே ஒரு வேலையாகி, பத்து நாளில் பலகை பக்கமே போக மாட்டீர்கள்.

ஒரு சீட்டுக்கு ஒரு வேலை. அது ஓரிரு நாளில் முடிகிற அளவில் இருக்க வேண்டும். 'தீபாவளி ஆர்டர்' என்று எழுதினால் அது தீபாவளி வரை நகராது, அதைப் பார்த்து எதுவும் தெரிந்துகொள்ளவும் முடியாது. ஒரே நூல் நிறத்தில் நாலு ஜாக்கெட்டைச் சேர்த்துத் தைப்பீர்களானால், அந்தக் கட்டுக்கு ஒரே சீட்டு எழுதலாம். சீட்டின் மூன்று மூலைகளில் வந்த தேதி, கையில் எடுத்த தேதி, முடித்த தேதி. நாலாவது மூலையில், மெஷின் தேவைப்படாத எம்மிங், கொக்கி வேலைக்கு மட்டும் 'கை' என்று எழுதுங்கள். மாதாந்திரப் பராமரிப்புக்குக் கரண்ட் நிறுத்தும் நாளில் எதை எடுப்பது என்று தேட வேண்டியிருக்காது. ரேஷன், பள்ளிக்கூடக் கூட்டம் போன்ற வீட்டு வேலைகளும் இதே பலகையில்தான். அவையும் அதே பகல் நேரத்தைத்தான் எடுத்துக்கொள்கின்றன.

'கையில்' கட்டத்தில் மூன்று சீட்டுக்கு மேல் கூடாது. ஒன்று முடிந்தால்தான் அடுத்தது. ஓசூர் பக்கம் வண்டிக் கம்பெனிகளில் வேலை பார்த்தவர்களுக்கு இது தெரிந்த விஷயம்தான். டொயோட்டாவில் தைச்சி ஓனோ என்ற பொறியாளர் கொண்டுவந்த கான்பன் அட்டையின் அடிப்படையே, அடுத்த கட்டத்தில் இருப்பவர் எடுத்துக்கொண்ட அளவுக்கு மட்டும் முந்தைய கட்டம் புதிதாகச் செய்ய வேண்டும் என்பதுதான். அவசரம் என்று வருகிற துணிக்கு ஒரே ஒரு சிவப்புச் சீட்டு இடம். அது காலியாக இல்லையென்றால் அடுத்தவருக்கு அவசரம் கிடையாது. சொந்தக்காரர்கள் கோபித்துக்கொள்வார்கள், என்ன செய்வது.

'காத்திருக்கு' கட்டம்தான் ஆபத்தானது. செய்யப் பிடிக்காத வேலையெல்லாம் அங்கே போய் ஒளிந்துகொள்ளும். அதனால் அங்கே போகும் சீட்டில் யாருக்காக, எதற்காகக் காத்திருக்கிறோம், மறுபடி எந்தத் தேதியில் கேட்போம் என்று எழுதாமல் நகர்த்தாதீர்கள்.

இது வரைக்கும் செய்தால் ஞாபகத்துக்கு உதவும், அவ்வளவுதான். வேலை திருந்த வேண்டுமென்றால் இரவில் ஒரு நிமிடம் வேண்டும். 'கையில்', 'காத்திருக்கு' இரண்டிலும் உள்ள ஒவ்வொரு சீட்டிலும் ஒரு புள்ளி வையுங்கள். இன்று அதைத் தொட்டிருந்தால் நீலம், தொடாவிட்டால் சிவப்பு.

வாரம் ஒருநாள் இருபது நிமிடம் ஒதுக்குங்கள். முதலில் பலகையை ஒரு போட்டோ எடுத்துவிட்டு, முடிந்த சீட்டுகளைக் கழற்றித் தரையில் பரப்புங்கள். புள்ளி குறைவானது இடப்பக்கம், அதிகமானது வலப்பக்கம். சராசரி பார்க்க வேண்டாம், வலக்கோடியில் இருக்கும் இரண்டு மூன்றை மட்டும் கையில் எடுங்கள். ஒன்பது புள்ளி உள்ள ஜாக்கெட்டில் மூன்று நீலம், ஆறு சிவப்பு என்று வைத்துக்கொள்வோம். 'கை வேகம் போதவில்லை' என்றுதான் முதலில் தோன்றும். ஆனால் வேகம் கூடினால் குறையப்போவது அந்த மூன்று நீலத்தில்தான். ஆறு சிவப்பும் லைனிங் துணிக்காகவோ அளவு ஜாக்கெட்டுக்காகவோ நின்ற நாட்கள். சீட்டைத் திருப்பி, பின்பக்கம் அந்தக் காரணத்தை இரண்டு சொல்லில் எழுதுங்கள். நாலு வாரச் சீட்டுகளைச் சேர்த்துப் பார்த்தால் ஒரே காரணம் திரும்பத் திரும்ப வருவது தெரியும்.

அந்த ஒரு காரணத்துக்கு மட்டும் ஒரு மாற்றம் செய்யுங்கள். 'அளவு ஜாக்கெட் இல்லாமல் துணி வாங்குவதில்லை' என்பது ஒரு மாற்றம். அதிகம் கேட்கும் ஐந்து நிறங்களில் லைனிங் வாங்கி வைப்பது இன்னொன்று. இரண்டையும் ஒரே வாரத்தில் தொடங்கினால் எது பலித்தது என்று தெரியாது. மாற்றத்தையும் ஒரு சீட்டில் எழுதி, இரண்டு வாரம் தள்ளி ஒரு தேதி போட்டுப் பலகையில் குத்துங்கள். நோட்டில் எழுதினால் மறந்துபோகும். அந்தத் தேதியில் சிவப்புப் புள்ளி குறைந்திருந்தால் வைத்துக்கொள்ளுங்கள், இல்லையென்றால் கிழித்துப் போடுங்கள்.

வாடிக்கையாளரிடம் தேதி சொல்லவும் இதே பலகை உதவும். முடியாத சீட்டுகள் மொத்தம் 24, வாரத்துக்கு 8 முடிகிறது என்றால், வரிசைப்படி போனால் இன்று வரும் துணி முடிந்து வாடிக்கையாளர் கைக்குப் போக ஏறக்குறைய மூன்று வாரம். ஜான் லிட்டில் என்ற அமெரிக்கப் பேராசிரியர் 1961-ல் நிரூபித்த வரிசைக் கணக்கும் இதைத்தான் சொல்கிறது. தை மாதக் கல்யாண வேலைக்கு மார்கழிக் கடைசியில் வருபவரிடம் 'அடுத்த வெள்ளிக்கிழமை வாங்க' என்று சொல்லும் முன் பலகையை ஒருமுறை எண்ணிப் பாருங்கள். முடியாது என்று தெரிந்தால், துணியை வாங்கும்போதே சொல்லிவிடுங்கள், அப்போதுதான் அவர் வேறு இடம் பார்க்க நேரம் இருக்கும்.