பழைய வெள்ளி ரூபாய்: அடையாளம் காண்பதும் மதிப்புப் போடுவதும்

வீட்டுப் பெட்டியில் கிடைக்கும் பழைய வெள்ளி ரூபாய்களில் பெரும்பாலானவை 1835-க்கும் 1945-க்கும் இடையில் அடித்தவை. அவற்றை மட்டும் இங்கே பார்ப்போம்.

படி 1: தேய்க்காதீர்கள்

கறுத்த வெள்ளியைப் பார்த்ததும் கை தானாக விபூதிக்கும் பற்பசைக்கும் போகும். அங்கேயே நிறுத்துங்கள். தேய்த்தால் அச்சடிக்கும்போது வந்த இயற்கையான மினுமினுப்பு போய், நுண்ணிய கீறல்கள் விழும். லென்ஸில் அது உடனே தெரியும். தேய்த்துப் பளபளக்க வைத்த காசைவிடக் கறுத்த காசுக்குத்தான் சேகரிப்பாளர்கள் அதிகம் கொடுப்பார்கள். மண் ஒட்டியிருந்தால் வெறும் தண்ணீரில் ஊறவைத்து, மெல்லிய துணியால் ஒற்றி எடுங்கள். பிடிக்கும்போதும் விளிம்பில்தான் பிடிக்க வேண்டும்.

படி 2: நிறுத்துப் பாருங்கள்

0.01 கிராம் வரை காட்டும் டிஜிட்டல் தராசு வேண்டும். ஒரு ரூபாய் என்பது சரியாக ஒரு தோலா: 11.66 கிராம். அரை ரூபாய் 5.83, கால் ரூபாய் 2.92, இரண்டணா 1.46. ரூபாயின் விட்டம் சுமார் 30.5 மி.மீ. புழங்கித் தேய்ந்த ரூபாய் 11.4 காட்டினால் கவலையில்லை. படங்களும் எழுத்துகளும் கூர்மையாக இருந்தும் எடை 11-க்குக் கீழே என்றால் சந்தேகப்படுங்கள். 11.66-ஐத் தெளிவாகத் தாண்டினாலும் அப்படித்தான்.

படி 3: தலையையும் ஆண்டையும் படியுங்கள்

- 1835: பிரிட்டிஷ் அரசர் நான்காம் வில்லியம். பெயருக்குப் பின் வரும் ரோமன் நான்கு, நான்கு தனிக் கோடுகளாக (IIII) இருக்கும். அது பிழையல்ல.
- 1840: மகுடமில்லாத விக்டோரியா. தலையைச் சுற்றிய எழுத்து தொடர்ச்சியாக ஒரு வகை, இரண்டாகப் பிரிந்து இன்னொரு வகை.
- 1862 முதல்: மகுடத்துடன் விக்டோரியா, 'குயின்' பட்டம். 1877 முதல் 'எம்பிரஸ்' (பேரரசி).
- 1903–1910: ஏழாம் எட்வர்ட், மகுடமில்லாத தலை.
- 1911–1922: ஐந்தாம் ஜார்ஜ்.
- 1938 முதல்: ஆறாம் ஜார்ஜ்.

புதியவர்கள் ஏமாறும் இடம் 1862. 1874 வரை அடித்த ரூபாய்களிலும் 1862 என்றே இருக்கும். பம்பாயில் அடித்தவற்றில் பூப் பக்கத்துப் புள்ளிகளை எண்ணித்தான் உண்மையான ஆண்டைப் பிரிக்க வேண்டும். எனவே '1862 காசு' என்று சொல்வதில் மட்டும் பெருமை ஒன்றுமில்லை. 1911 ரூபாய்க்கு வேறொரு கதை: அரசரின் அங்கியில் உள்ள யானை பன்றிபோல் தெரிகிறது என்று எதிர்ப்பு வர, 1912-ல் அச்சைத் திருத்தினார்கள். 'பன்றி ரூபாய்' என்று தேடப்படுவது அதுதான்.

படி 4: வெள்ளியின் தரம்

1939 வரை 91.7 சதவீதம். 1940 முதல் 1945 வரை 50 சதவீதம்தான். மீதி செம்பு, நிக்கல், துத்தநாகம். எடை அதே 11.66 என்பதால் தராசு இதைக் காட்டிக்கொடுக்காது, ஆண்டுதான் சொல்லும். பெரும்பாலானவற்றில் விளிம்பின் நடுவே ஒரு பள்ளமும் ஓடும். புலி போட்ட 1947 ரூபாயில் வெள்ளியே கிடையாது. அது நிக்கல், காந்தத்தில் ஒட்டும்.

படி 5: போலியா?

தராசில் ஒரு கிண்ணம் தண்ணீர் வைத்து, எண்ணைப் பூஜ்யமாக்குங்கள். காசை நூலில் கட்டி, அடியிலும் பக்கத்திலும் படாமல் முழுதாக மூழ்கவிடுங்கள். தராசு காட்டும் எண்ணால் காசின் எடையை வகுங்கள். 91.7 சதவீத வெள்ளிக்கு 10.3 அளவில் வர வேண்டும் (11.66 ÷ 1.13). வெள்ளி முலாம் பூசிய செம்பு 9-ஐ ஒட்டியே நிற்கும். காசில் காற்றுக்குமிழி ஒட்டியிருந்தால் கணக்கு கெடும். தட்டிவிட்டு மீண்டும் பாருங்கள்.

விளிம்பில் ஒட்டுக்கோடு, பரப்பில் பொடித் துளைகள் இருந்தால் அது உருக்கி வார்த்த போலி. 1939 ரூபாய் அரிது என்பதால் 1938-ன் கடைசி எண்ணைச் செதுக்கி மாற்றுவார்கள். அந்த ஒரு எண்ணை லென்ஸில் நிதானமாகப் பாருங்கள். ராமர், அனுமன் படத்துடன் 1818 என்று போட்ட 'கம்பெனிக் காசு' கிழக்கிந்தியக் கம்பெனி வெளியிட்டதே அல்ல.

படி 6: மதிப்பு

முதலில் அடிமட்டம்: 11.66 × 0.917 = 10.69 கிராம் வெள்ளி. 1940–45 என்றால் 5.83 கிராம். இதை அன்றைய வெள்ளி விலையால் பெருக்குங்கள். உருக்கும் கழிவு போக நகைக்கடை கொஞ்சம் குறைத்தே தரும்.

அதற்கு மேல் கிடைப்பதை அபூர்வமும் நிலையும்தான் தீர்மானிக்கும், வயது அல்ல. 1918–1920 ரூபாய்கள் நூறாண்டு தாண்டியும் மலிவு. முதல் உலகப் போர்க் காலத்தில் அமெரிக்கா தன் வெள்ளி டாலர்களை உருக்கி விற்ற வெள்ளியும் சேர்ந்து, கோடிக்கணக்கில் அடித்தவை அவை. நிலையைப் பார்க்க மகுடம், புருவம், காதுமடல் ஆகிய மேடான இடங்களைச் சாய்ந்த வெளிச்சத்தில் பாருங்கள். துளையிட்ட காசும், மாலைக்கு வளையம் பற்றவைத்த காசும் எவ்வளவு அபூர்வமானாலும் விலையில் சரியும்.

விலையை ஒப்பிட இணையத்தில் கேட்கும் விலையை எடுக்காதீர்கள். அதே ஆண்டு, அதே நாணயச்சாலை, அதே நிலையில் ஏலத்தில் முடிந்த விலையே கணக்கு. 'லட்சம் தருகிறோம், முதலில் கட்டணம் கட்டுங்கள்' என்பது மோசடி. தன் பெயரைச் சொல்லி இப்படிப் பணம் கேட்கிறார்கள் என்று ரிசர்வ் வங்கியே 2021-ல் எச்சரித்தது. நூறாண்டு கடந்த காசு 1972-ன் தொல்பொருள் சட்டத்தின்கீழ் வருவதால், வெளிநாட்டு வாங்குபவருக்குத் தபாலில் அனுப்பிவிடாதீர்கள். மண்ணுக்கடியில் புதையலாகக் கிடைத்தது என்றால் விற்பனைப் பேச்சே வேண்டாம், மாவட்ட ஆட்சியரிடம் தெரிவிக்க வேண்டும்.